கிரீஸ் வேண்டாம், கருமத்தம்பட்டி போதும்!

என் சிநேகிதன் ஒருவன் திருப்பூரில் எக்ஸ்போர்ட் பண்ணுகிறான். பையரைப் பார்க்க ஐரோப்பா போனவன், அப்படியே கிரீஸ் நாட்டின் சான்டோரினி தீவுக்கும் ஒரு எட்டு போய்விட்டு வந்தான். அன்றிலிருந்து ஊரில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. போனை எடுத்தால் போட்டோ! நீலக் குல்லா போட்ட வெள்ளைச் சர்ச், திராட்சைத் தோட்டம், கையில் ஒயின் கிளாஸோடு இவன்.

"அங்கே காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும்டா. அதனால திராட்சைக் கொடியைக் கூடை மாதிரி சுத்தித் தரையோட வளர்க்கறாங்க. பழம் உள்ளே பத்திரமா இருக்கும். நம்மூர்ல என்னடா இருக்கு? கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், பேக்கிங். அவ்வளவுதான்!"

எனக்குச் சுருக்கென்றது. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். என் பாஸ்புக்கைப் பார்த்தால் கிரீஸ் என்ன, கிணத்துக்கடவு போகவே யோசிக்க வேண்டும். ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சர்ச்சும் பார்க்க வேண்டும், சரக்கும்... அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

மங்கலம், சாமளாபுரம், சோமனூர். வழி நெடுக 'டக டக டக' என்று விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் மனிதன் நாலு வார்த்தை பேசினால் இரண்டுதான் காதில் விழும். மச்சான் அந்த இரண்டையும் பேசவில்லை. உம்மென்று வந்தான்.

சோமனூரைத் தாண்டினால் கருமத்தம்பட்டி. அங்கே செபமாலை மாதா கோயில். 17-ம் நூற்றாண்டில் ஆரம்பித்த பங்கு. கொங்கு நாட்டின் பழைய கிறிஸ்தவத் தலங்களில் முக்கியமானது. 2019-ல் பசிலிக்கா அந்தஸ்து கிடைத்தது. அக்டோபரில் தேர்த் திருவிழா. மெழுகுவத்தி ஏற்றுகிற வரிசையில் நெற்றியில் திருநீறு பூசிய அம்மாக்களும் நிற்கிறார்கள்.

இந்த ஊரோடு சேர்ந்த ஒரு பெயர், மரியோன் பிரெசிலாக். 1813-ல் பிரான்சில் பிறந்தவர். 1842-ல் இந்தியா வந்தார். 1846-ல் இதே கருமத்தம்பட்டியில்தான் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டார். கோவை மிஷனுக்குத் தலைவர். வந்த இடத்தில் சாதி குறுக்கே நின்றது. சாதிப் பழக்கங்களைக் கண்டும் காணாமல் போவதா, கூடாதா? இந்தக் கேள்வி மனிதரைக் குடைந்தெடுத்தது. பதில் கிடைக்காமல் பதவியையே உதறிவிட்டு ஊர் திரும்பினார்.

அத்தோடு விட்டாரா? 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் போய் இறங்கினார். ஊரெல்லாம் மஞ்சள் காய்ச்சல். ஆறே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அவர் தொடங்கிய சபை இன்றைக்கும் இருக்கிறது.

இதை நான் சொல்லி முடித்ததும் மச்சான் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"மாமா, அப்பா தோப்பை விக்கப் போறாருங்க. சைட் போடறவங்க அட்வான்ஸோட வந்துட்டாங்க. என் கையெழுத்தும் அக்கா கையெழுத்தும் வேணுமாம்."

என் மனசுக்குள் ஒரு கால்குலேட்டர் ஓடியதை மறைக்க மாட்டேன். வீட்டுக்காரம்மா பங்கு வந்தால் கடன் அடையும். மிச்சத்தில் சான்டோரினிகூடப் போகலாம். பக்கத்திலேயே மாதா நிற்கிறாள், நான் வகுத்தல் கணக்குப் போடுகிறேன்!

பல்லடம் வழியாக உடுமலைப் பக்கம் மாமனார் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு தனியாக, நான் தனியாக இருந்தோம்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். ஓலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் சுருள் சுருளாக வெள்ளை. "வெள்ளை ஈங்க. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் வந்தது, இன்னும் போகலை. காய்ப்பே கொறஞ்சு போச்சு. எத்தனை நாளைக்குக் கட்டிக்கிட்டு அழறது?"

பக்கத்துத் தோப்பில் நீரா இறக்குகிறார்கள். அதுதான் நான் சொன்ன 'சரக்கு'! விரியாத தென்னம்பாளையைச் சீவினால் சொட்டுகிற சாறு. அப்படியே விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். ஐஸ் பெட்டியில் பிடித்துச் சில்லென்றே வைத்திருந்தால் நீரா. இதற்காக 2017-ல் மதுவிலக்குச் சட்டத்தையே திருத்தினார்கள். அனுமதி வாங்கிய தென்னை உற்பத்தியாளர் கம்பெனி மூலமாகத்தான் இறக்க முடியும்.

ஒரு டம்ளர் நீட்டினார்கள். இளநீருக்குச் சர்க்கரை போட்டுச் சீமந்தம் பண்ணின மாதிரி இருந்தது! துளிகூடப் போதை இல்லை. பைக்கை நானே ஓட்டிக்கொண்டு திரும்பலாம்.

நம் பக்கம் திராட்சையே இல்லையா என்று கேட்காதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறதே. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த ரகம் என்று சொல்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதுவும் எங்கிருந்தோ வந்து இங்கே வேர் பிடித்ததுதான்.

மச்சான் இரண்டாவது டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான். "அப்பா, ஒரே ஒரு வருஷம். நானும் அந்தக் கம்பெனியில சேர்ந்துக்கறேன். பத்து மரத்துல பாளை கட்டிப் பார்க்கலாம். சரி வரலைன்னா நானே கையெழுத்துப் போடறேன்."

மாமனார் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?"

கால்குலேட்டரை அணைத்தேன். "ஒரு வருஷம்தானுங்களே மாமா" என்றேன். சொல்லும்போது சான்டோரினி கடலில் மூழ்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பத்து மரம் என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

ராத்திரி, நீரா டம்ளரோடு தோப்பில் நான் நிற்கிற போட்டோவைச் சிநேகிதனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே பதில் வந்தது.

"சூப்பர்டா! எந்த ஐலண்ட்?"