உருமாறிய பெயர்கள்

கல்லூரியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குப் பெயரின் அருமை நன்கு விளங்கும். கட்டடங்களுக்குக் கல்வெட்டு உண்டு. அதிபர்களுக்கு மண்டபச் சுவரிலே திருவுருவப்படம் உண்டு. உதைபந்தாட்டக் குழுவின் பின்வரிசையில் நின்ற மாணவனுக்கோ, படத்தோடு சேர்த்தெழுதப்பெற்ற பெயரையன்றி வேறு சான்று யாதுமில்லை.

இவ்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சிலராகிய நாம் கல்லூரியின் பழைய நிழற்படங்களைத் திரட்டும் பணியை மேற்கொண்டோம். மூலப் படங்களுட் பல இடப்பெயர்வுகளின்போது அழிந்தொழிந்தன. கடல் கடந்து வாழும் நண்பர்கள் தம்மிடமிருந்த பிரதிகளைக் கணினியிற் பதித்து, ஒவ்வொரு கோப்பிற்கும் ஆண்டையும் குழுவையும் நிற்போர் பெயரையும் தமிழிலேயே தலைப்பாக இட்டு அனுப்பினர். அனுப்பியோருள் முதியவர் ஒருவர், படங்கள் எம்மை வந்தடைந்த சில மாதங்களில் அமரராயினார். அவர் இட்ட பெயர்களே அப்படங்களிலுள்ளோரை அறிய எமக்கிருந்த ஒரே வழியாகும்.

அப்பொதி ஒருவகைக் கணினியிலே கட்டப்பெற்றது. வேறொரு பணிசெயல் முறைமையுடைய கணினியில் அதனை அவிழ்த்தபோது தமிழ்ப் பெயர் ஒன்றேனும் காணப்படவில்லை. கிரேக்க மொழியின் அல்பா எழுத்தும், இரட்டைக் கோண மேற்கோட் குறியும், தலையிற் கோடிட்ட இலத்தீன் எழுத்துகளும் மாறி மாறி நின்றன. "பெயர்கள் அழிந்தன; இனி ஒன்று, இரண்டு என இலக்கமிடுவோம்" என்றார் எம்முள் ஒருவர். அவசரம் வேண்டாவென ஏனையோர் தடுத்தோம். அழிந்தது பெயரா, அன்றி அதனைப் படித்த முறையா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டுமன்றோ?

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த யுனிக்கோட் முதற்பதிப்பிலே தமிழ் எழுத்துகளுக்கும் தனித்தனி எண்கள் வகுக்கப்பெற்றன. அவ்வெண்களைச் சேமிக்கும் முறைகளுள் ஒன்றாகிய யு.ரி.எவ்.-8 என்பதனை 1992 இல் கென் தொம்சன், றொப் பைக் என்னும் அறிஞர் இருவர் அமைத்தனர். அம்முறையிலே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளாக எழுதப்படும். 'அ' என்பது 224, 174, 133 என அமையும். தமிழ்க் குறி யாவற்றுக்கும் முதற் பைற்று 224. இரண்டாவது 174 அல்லது 175.

எம்மிடம் வந்த பொதியில் இவ்வெண்கள் செம்மையாகவே இருந்தன. ஆயின், எம்முறையில் எழுதப்பெற்றன என்னும் அடையாளம் அதில் இல்லை. அடையாளமில்லாத பெயரை அவிழ்த்த நிரல், 1981 இல் வந்த தனியாட் கணினிகளுக்குரிய 437 ஆம் இலக்கக் குறிமுறையைக் கொண்டு படித்தது. அக்குறிமுறையிலே 224 என்பது அல்பா. 174 உம் 175 உம் இரட்டைக் கோண மேற்கோட் குறிகள். எனவே நோயின் முகத்தைக் கண்டே அதன் மூலத்தை அறியலாயிற்று.

லினக்ஸ் முறைமையில் இயங்கும் 'கொன்வ்-எம்-வி' என்னும் சிறு நிரல் இதற்கு மருந்தாயிற்று. உருமாறிய பெயரை யு.ரி.எவ்.-8 இலிருந்து 437 ஆம் குறிமுறைக்கு மாற்றுமாறு அதனைப் பணித்தல் வேண்டும். தமிழைவிட்டு விலகிச் செல்வதுபோல இது தோன்றினும், உண்மையில் வந்த வழியே திரும்புதலாம். திரும்பியதும் பழைய மூன்று பைற்றுகளும் தத்தம் இடத்தில் நிற்க, தமிழ் தானே வெளிப்படும். அந்நிரலுக்கு நற்பண்பொன்றும் உண்டு. பெயர் எவ்வாறு மாறும் என்பதை முதலிற் காட்டுமேயன்றி, 'நோ-ரெஸ்ற்' என்னும் கட்டளையைச் சேர்த்தாலன்றி எதனையும் மாற்றாது.

பெயர்கள் மீண்டபின்னும் ஒரு சிக்கல் எஞ்சியது. 'கொ' என்னும் எழுத்தமைந்த பெயர்களைத் தேடினால் அவை அகப்படவில்லை. 1998 இல் வந்த எச்.எவ்.எஸ். பிளஸ் என்னும் கோப்பு முறைமை, ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துச் சேமிக்கும் இயல்புடையது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன கணினிக்கு வேறாகும். பிரிந்தவற்றைச் சேர்த்துவைக்கும் ஆற்றலும் மேற்கூறிய நிரலுக்கு உண்டு.

மற்றொரு பொதியோ எம்மைப் பெரிதும் வருத்தியது. அது 1252 ஆம் இலக்க மேற்கைரோப்பியக் குறிமுறை வழியே வந்தது. அதிலே 129, 141 முதலிய ஐந்து இடங்கள் வெற்றிடங்கள். தமிழில் உகரக் குறியின் மூன்றாம் பைற்று 129, புள்ளியினது 141. இடையில் வந்த நிரல் வெற்றிடங்களைக் கைவிட்டமையால், 'சுந்தரம்' என்பது 'சநதரம' என நின்றது. புள்ளி வீழ்ந்ததா, உகரம் வீழ்ந்ததா என்பதைப் பொருள் நோக்கியே துணிய வேண்டியதாயிற்று.

இவ்வேளையிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை நினையாதிருத்தல் இயலவில்லை. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த அப்பெருமகனார் கையாண்ட ஏடுகளின் எழுத்துமுறையிலே புள்ளி இடப்பெறுவதில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. எழுதியவன் எம்முறையில் எழுதினான் என்பதை உணர்ந்து படித்தமையாலன்றோ நூல்கள் பிழைத்தன! ஏட்டைப் பழித்து எறிந்திருப்பின் நமக்கு எஞ்சியிருப்பது யாது?

எனினும் எல்லாப் பெயரும் மீளவில்லை. ஒன்பது படங்களின் பெயர்கள் வெறும் அடிக்கோடுகளாகவே வந்தன. அறியாத எழுத்துக்கெல்லாம் ஒரே குறியை இட்ட நிரலொன்றின் வழியே அவை வந்திருத்தல் வேண்டும். பிழையாகப் படித்த பெயரைத் திருத்தலாம். அழித்தெழுதிய பெயரைத் திருத்துதல் எவர்க்கும் அரிது.

ஆதலின் படம் அனுப்பும் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். கோப்பின் தலைப்பை மட்டும் நம்பற்க. லினக்ஸின் எக்ஸ்ற்-4 கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைற்றுகளே இடமளிக்கும். அஃதாவது தமிழிலே 85 குறிகள். பதினொரு வீரர் பெயர் அதனுள் அடங்குவது எங்ஙனம்? குறுகிய தலைப்பிட்டு, முழுப் பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக எழுதி, தாளிலும் ஒரு படி எடுத்து வைத்தல் நலம். மாணவ நண்பர்களே, உருமாறிய பெயரைக் கண்டால் உடனே மாற்றிப் பெயரிடாது, மூலத்தின் பிரதியொன்றைப் பேணி, பின்னர் மருந்து தேடுவீராக.

பெயரற்ற அவ்வொன்பது படங்களும் கல்லூரி நூலகத்திலே வைக்கப்பெற்றுள்ளன. விழாவுக்கு வரும் மூத்த பழைய மாணவர்கள் அவற்றைக் கண்ணுற்று, தாம் அறிந்த முகங்களின் பெயர்களைக் கூறியருளல் வேண்டும். எந்த நிரலாலும் ஆகாத அப்பணி அவர்தம் நினைவினால் மட்டுமே ஆகும்.