லெஸ்டர் நகரத்துக் கண்ணாடி ஜன்னல்கள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள லெஸ்டர் நகரில், மகளின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். எவிங்டன் சாலையை ஒட்டிய தெருக்களில் செங்கல் வீடுகள், தொழுகையின் ஸஃப்புகளைப் போலத் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. முகப்பெங்கும் கண்ணாடி. ஒரு காலத்தில் அந்நாட்டில் ஜன்னலுக்கே வரி இருந்தது. 1696இல் விதித்ததை 1851இல்தான் நீக்கினார்கள்.

மாடிக் கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைப்பது வீட்டாருக்கு எளிதன்று. அதற்கென்றே சுயதொழில் செய்வோர் இருக்கின்றனர். கடை இல்லை, முதலாளி இல்லை. சில வாரங்களுக்கொருமுறை முறையாகச் செல்லும் வீடுகளின் வரிசையே அவர்களுடைய சொத்து. அதை 'ரவுண்டு' என்கிறார்கள். ஓய்வு பெறும்போது விலைக்கும் விற்கிறார்கள். வாய்ப்பேச்சில் நிற்கும் வாடிக்கைக்கும் விலையுண்டு என்பது எனக்கு வியப்பளித்தது. ஸ்காட்லாந்தில் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி மன்றங்கள் இத்தொழிலுக்கு உரிமம் கோரலாம். இங்கிலாந்தில் எவரும் வாளியுடன் வந்து கதவைத் தட்டலாம்.

எங்கள் தெருவுக்கு வந்தவர் ஐம்பதைக் கடந்த ஆங்கிலேயர். வேனில் நீர்த்தொட்டி, நீண்ட கம்பின் நுனியில் தூரிகை. உப்புகளை நீக்கிய நீராதலால், துடைக்காமலே கறையின்றிக் காய்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்குப் பன்னிரண்டு பவுண்டு.

ஒருநாள் ஓர் இளைஞர் ஸலாம் கூறி வந்து, "எட்டுப் பவுண்டுக்குச் செய்கிறேன்" என்றார்.

ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின்மேல் மற்றவர் வியாபாரம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை மருமகனுக்கு நினைவூட்டினேன்.

"விலையை நிர்ணயிக்கும்படி மக்கள் கேட்டபோதும் நபியவர்கள் மறுத்தார்களே, மாமா! மேலும், இவர் நம் பிள்ளை" என்றார் மருமகன். எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. இளைஞரே அமர்த்தப்பட்டார். அடுத்த முறை வந்த பெரியவர் செய்தியைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். சினந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்காம் மாதம் இளைஞர் வரவில்லை. கணக்கு பிறகுதான் புரிந்தது. பெரியவருக்கு எங்கள் தெருவில் மட்டும் இருபது வீடுகள். வேனை ஓரிடத்தில் நிறுத்தினால் நண்பகல்வரை எடுக்க வேண்டியதில்லை. இளைஞருக்கோ இங்கே ஒன்று, இரண்டு மைலுக்கு அப்பால் ஒன்று. எரிபொருளும் காப்புறுதியும் எட்டுப் பவுண்டை விழுங்கிவிட்டன. மலிவாகச் செய்யக்கூடியவர் உண்மையில் பெரியவரே. அவர் அப்படிச் செய்யாததனால்தான் முதுமையில் விற்க அவரிடம் ஏதோ மிஞ்சும்.

மருமகன் அவரையே மீண்டும் அழைத்தார். இடையில் அழுக்கேறிய கண்ணாடிக்கு முதல் தடவை இரட்டிப்புக் கூலியாம். இருபத்துநான்கு பவுண்டை மருமகன் பேசாமல் கொடுத்தார்.

இளைஞரை ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் கண்டேன். பார்சல் வண்டி ஓட்டுவதாகச் சொன்னார். அந்த நீளக் கம்பை வாங்கிக்கொள்ள யாரேனும் இருக்கிறார்களா என்று கேட்டார்.