மணிப்பாலில் ஒரு மைக்!

"டீவியில வர்றதுக்கு எதுக்குடா டிகிரி?"

மச்சான் கேட்ட கேள்வி இது. அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, 'மீடியா படிக்கப் போறேன்' என்று சொன்ன ராத்திரி. எங்கள் குரோம்பேட்டை தெருவில் வீட்டுக்கு ஒரு இன்ஜினீயர். பாதிப் பேர் வேலையில் இருக்கிறார்கள். மீதிப் பேர் வேலை தேடும் வேலையில் இருக்கிறார்கள். இருந்தாலும் மச்சானுக்கு இன்ஜினீயரிங்தான் படிப்பு. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு!

பையன் பிடிவாதம் ஜெயித்தது. கல்விக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டவன் நான். கொண்டுபோய்ச் சேர்க்கும் டியூட்டியும் எனக்கே. மச்சான் வாசலுக்குக்கூட வரவில்லை. அப்பாவும் பிள்ளையும் பேசி ஒரு மாசம் ஆகியிருந்தது.

சென்ட்ரலில் ராத்திரி மங்களூர் மெயில் ஏறினோம். மறுநாள் மதியம் மங்களூர். அங்கிருந்து பஸ். உடுப்பியைத் தாண்டி மேடு ஏறினால் மணிப்பால். ஜூலை மாச மழை! சென்னை மழை மாதிரி வந்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. மாமியார் மாதிரி உட்கார்ந்துவிடுகிற ரகம்.

ஊர்ப் பெயரே 'மண்ண பள்ள' என்ற ஏரியிலிருந்து வந்ததாம். மண், பள்ளம்... நமக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை! ஒரு காலத்தில் செம்புறைக்கல் மேடு. 1953-ல் டாக்டர் டி.எம்.ஏ. பாய் இங்கே மருத்துவக் கல்லூரி ஆரம்பித்தார். 1993-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 1997-ல் மீடியா படிப்புக்கென்று தனிக் கல்லூரி. 'உதயவாணி' கன்னட நாளிதழ் 1970-லிருந்து இந்த ஊரிலிருந்துதான் வருகிறது.

பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் எனக்கு இன்னொரு கதை சுவாரஸ்யம். இதே டாக்டர் பாய், இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து 1925-ல் உடுப்பியில் ஒரு பேங்க் ஆரம்பித்தார். பிற்பாடு அது சிண்டிகேட் பேங்க். (2020-ல் கனரா பேங்க்கோடு இணைந்துவிட்டது.) 1928-ல் 'பிக்மி டெபாசிட்' என்று ஒரு திட்டம். தினமும் வீடு தேடிப் போய் இரண்டணா, நாலணா என்று வாங்கிக்கொள்வார்கள். அந்த இரண்டணாக்களையும், மாசாமாசம் நான் கட்டப்போகும் தவணையையும் நினைத்துப் பார்த்தேன். பெருமூச்சு வந்தது!

கல்லூரியைச் சுற்றிக் காட்ட ஒரு சீனியர் பெண் வந்தாள். கேமரா, லைட், பச்சைத் துணி கட்டிய சுவர்... மருமகன் வாயைப் பிளந்தான். என்னை நிறுத்தியது வேறொன்று. ரேடியோ ரூம். 'ரேடியோ மணிப்பால்', 90.4. சமுதாய வானொலி.

"எவ்வளவு தூரம்மா கேட்கும்?"

"சுமாரா பத்து கிலோமீட்டர் சார். இந்த மாதிரி ஸ்டேஷனுக்கெல்லாம் நூறு வாட்தான்."

நூறு வாட்! எங்கள் வீட்டுத் திண்ணையில் தொங்கிய பழைய குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் ஒரு ஊரே பேசுகிறது. இந்தியாவில் சமுதாய வானொலிக்குப் பிள்ளையார் சுழி போட்டது நம்ம சென்னைதான். 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஆரம்பித்த அண்ணா எஃப்.எம். இந்த ஸ்டேஷன்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம். மற்றபடி விவசாயி, மீனவர், பள்ளிக்கூடப் பிள்ளை... யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் உட்காரலாம்.

அந்தப் பெண் தன் முதல் பேட்டியைப் பற்றிச் சொன்னாள். உடுப்பி மல்லிகை கட்டுகிற ஒரு பாட்டியிடம் போனாளாம். அரை மணி நேரம் ரெக்கார்டிங். திரும்பி வந்து போட்டுக் கேட்டால் முழுக்க இவள் குரல்! பாட்டி 'ம்', 'ஆமா' என்பதோடு சரி.

"எங்க சார் திருப்பி அனுப்பிட்டார். 'கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடு. அவங்க யோசிக்கிற நேரத்துல நீ புகுந்துடாதே'ன்னார். ரெண்டாவது தடவை நான் சும்மா உட்கார்ந்தேன். பாட்டி தன் கல்யாணத்துலேருந்து ஆரம்பிச்சுட்டாங்க!"

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸில், வீட்டில், கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் பேச்சில் நான் பாதியில் புகுந்திருக்கிறேன்! பேசக் கற்றுக்கொடுக்கிற படிப்பு என்று நினைத்துத்தானே கையெழுத்து போட்டேன்? இங்கே பணம் வாங்கிக்கொண்டு வாயை மூடக் கற்றுக்கொடுக்கிறார்கள். எல்லோருக்குமே தேவைப்படுகிற படிப்பு!

சாயங்காலம் 'எண்ட் பாயின்ட்' பூங்காவுக்குப் போனோம். மேட்டின் விளிம்பு. கீழே பச்சைப் பள்ளத்தாக்கில் ஸ்வர்ணா ஆறு வளைந்து போகிறது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. மருமகன் மெதுவாகக் கேட்டான்.

"மாமா... அப்பா பேசுவாரா?"

"நீ பேசாம இருந்து பாரு" என்றேன். புரியாமல் முழித்தான்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. "மாமா, முதல் அசைன்மென்ட். வீட்ல ஒருத்தரைப் பத்து நிமிஷம் பேட்டி எடுக்கணும். அப்பாவுக்குப் போன் பண்ணேன். 'உங்க முதல் வேலை பத்திச் சொல்லுங்கப்பா'ன்னு கேட்டுட்டு வாயை மூடிட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு மணி நேரம் பேசினார் மாமா. கடைசியில, 'சாப்டியாடா'ன்னார்."

கடனில் இன்னும் ஒரு தவணைகூட ஆரம்பிக்கவில்லை. ஆனால் ஜாமீன் போட்டவனுக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம்!