பல்லாரோவில் பசியாறும் நேரம்

காலை பத்து மணிக்கெல்லாம் எண்ணெய் காய்ந்துவிட்டது. சட்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் வெள்ளைத் துண்டு. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருக்கிறார். மெல்லிய மஞ்சள் வில்லைகளை இடது உள்ளங்கையில் அடுக்கி வைத்துக்கொண்டு, வலக்கைப் பெருவிரலால் ஒவ்வொன்றாக எண்ணெய்க்குள் தள்ளுகிறார். வில்லை அடியில் போய்ப் படுக்கிறது. ஓரத்தில் நுரை கட்டுகிறது. நடுவில் ஒரு கொப்புளம் எழும்ப, மெல்ல மேலே வருகிறது. ஒரே ஒரு தடவை திருப்பிப் போடுகிறார். சிவக்க விடுவதில்லை, பொன்னிறம் வந்ததும் அரிகரண்டி உள்ளே போய்விடுகிறது.

பக்கத்தில் எள் தூவிய ரொட்டிகள் கூடை நிறைய இருக்கின்றன. ஒன்றை எடுத்துக் கத்தியால் பிளந்து, ஏழெட்டு வில்லைகளைத் திணித்து, உப்புத் தூவி, அரை எலுமிச்சையைப் பிழிந்து, பழுப்புத் தாளில் சுற்றி நீட்டுகிறார். வாங்கிய இளைஞன் இரண்டடி நகர்ந்து சுவரோரம் நின்றபடியே சாப்பிடுகிறான். சட்டையில் எண்ணெய் சொட்டாமல் இருக்க முன்பக்கம் குனிந்துகொள்கிறான். இங்கே எல்லாருமே அப்படிக் குனிந்துதான் தின்கிறார்கள்.

இது பல்லாரோ. சிசிலியின் தலைநகரான பலெர்மோவின் பழைய சந்தைகளில் ஒன்று. தலைக்கு மேலே துணிப்பந்தல், அதற்கும் மேலே கார்மினே தேவாலயத்தின் வண்ண ஓடு பதித்த குவிமாடம். காலடியில் மீன் கழுவிய தண்ணீர். வாள்மீனின் தலையை வாள் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். கடைக்குக் கடை ராகம் போட்டுக் கூவுகிறார்கள்.

அந்த மஞ்சள் வில்லைக்குப் பெயர் பனெல்லே. கடலைமாவு, தண்ணீர், உப்பு, கொஞ்சம் பார்ஸ்லி இலை. அவ்வளவுதான். மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பிலேற்றிக் கைவிடாமல் கிளறுவார்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, மெல்லிசாகப் பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரிப்பார்கள். நம் பஜ்ஜி மாவுதான். ஆனால் பஜ்ஜியில் மாவு மேலாடை. இங்கே மாவே பண்டம். பலெர்மோவை அரபுகள் 831இல் பிடித்தார்கள். நார்மானியர் 1072இல் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். இடைப்பட்ட காலத்து அடுப்பில்தான் பனெல்லே பிறந்தது என்று சிசிலிக்காரர்கள் சொல்வார்கள். எலுமிச்சையும் கரும்பும் இந்தத் தீவில் பரவியதும் அரபுகளின் கையால்தான்.

நடுப்பகலில் கூட்டம் சேர்கிறது. சிமென்ட் பூசிய காலணியோடு கட்டட வேலையாட்கள் வருகிறார்கள். தோள்பையோடு பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். கோட்டும் டையும் அணிந்த வழக்கறிஞர் போன்ற ஒருவர் கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கையை நீட்டுகிறார். எல்லாருக்கும் ஒரே ரொட்டி, ஒரே தாள். கொஞ்ச தூரத்திலேயே, பெரிய தெருவில், ஐந்து மொழியில் அச்சடித்து வண்ணப்படம் ஒட்டிய உணவுப்பட்டியல்களோடு மேசைகள் காத்திருக்கின்றன. ஒரு பையன் வாசலில் நின்று வருவோர் போவோரை அழைக்கிறான். உள்ளூர்க்காரர் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஊரே எங்கே நின்று தின்கிறதோ அங்கே நிற்பதுதான் முறை.

பனெல்லேக் கடைக்கு அடுத்தாற்போல் இன்னொரு சட்டி, சாய்ந்த வாக்கில். அதன் பள்ளத்தில் பன்றிக் கொழுப்பு உருகி நிற்கிறது, மேட்டில் கன்றின் மண்ணீரலும் நுரையீரலும் வேகவைத்துச் சீவிய துண்டுகளாகக் கிடக்கின்றன. ரொட்டி கேட்டதும் முள்கரண்டியால் ஒரு பிடி அள்ளிக் கொழுப்பில் புரட்டி, ரொட்டிக்குள் வைத்து அழுத்தி, மிஞ்சிய கொழுப்பைச் சட்டிக்கே வடியவிடுகிறார்கள். ‘கல்யாணமாகாதது’ என்று கேட்டால் எலுமிச்சை மட்டும். ‘கல்யாணமானது’ என்றால் ரிக்கோத்தாவோ துருவிய கச்சோகவல்லோ பாலாடைக்கட்டியோ சேரும். மாடறுத்த யூதர்கள் கூலியாகப் பணம் வாங்காமல் உள்ளுறுப்புகளை வாங்கிக்கொண்டதிலிருந்து இந்தத் தொழில் வந்தது என்பது ஊரின் கதை. 1492இல் பிறந்த ஆணையால் சிசிலியின் யூதர்கள் துரத்தப்பட்டார்கள். ரொட்டி நிலைத்துவிட்டது. உட்கார்ந்து இதைச் சாப்பிட வேண்டுமென்றால் சான் பிரான்செஸ்கோ தேவாலயத்துக்கு எதிரே 1834 முதல் நடக்கும் பழைய உணவகம் இருக்கிறது. பளிங்கு மேசை, நல்ல நிழல். ஆனால் ருசிக்குச் சந்தைச் சட்டிதான்.

காய்கறிக் கடையில் கை நீளத்துக்கு மேல் வளர்ந்த வெளிர்பச்சைச் சுரைக்காய்கள் சாய்ந்து நிற்கின்றன. நம் ஊர்ச் சுரைக்காயின் இனமேதான். கோடையில் அதன் கொழுந்தையும் சுருள்கொடியையும் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். தக்காளியோடு வேகவைத்து, ஒடித்த ஸ்பகெட்டி போட்டுச் சாறாகக் குடிப்பார்கள். அந்தக் கட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஒரு பெண். நெற்றியில் பொட்டு, கையில் துணிப்பை. கடைக்காரரிடம் சிசிலிப் பேச்சிலேயே விலை குறைக்கிறார். கூட வந்த மகளின் கண் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் இருக்கிறது.

“அம்மா, எனக்கு ரெண்டு வேணும்.”

“ஒண்டு காணும். வீட்டில சோறு கிடக்கு.”

ஒன்று வாங்கி இரண்டாகப் பிட்டுக்கொள்கிறார்கள். 1980களில் தொடங்கி, போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் இந்த ஊரில் வேரூன்றிவிட்டார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவர் என்று பலெர்மோ வணங்கும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. அங்கே ஏறிப்போய்க் கும்பிடுகிறவர்களில் இந்துத் தமிழர்களும் இருக்கிறார்கள்.

ஒரு மணி. மூன்று சக்கர வண்டி ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தடித்த, பஞ்சு போன்ற ஸ்ஃபிஞ்சோனே. தக்காளி, வெங்காயம், நெத்திலி, பாலாடைக்கட்டி, ரொட்டித்தூள், ஓரிகானோ எல்லாம் மேலே. பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டே போகிறது. முனைக்கடையில் அராஞ்சீனா சூடாக இறங்குகிறது. குங்குமப்பூச் சோற்றுக்குள் இறைச்சியும் பட்டாணியும் வைத்து உருட்டி, ஆரஞ்சுப் பழ அளவில் பொரித்தது. டிசம்பர் 13, புனித லூசியா நாளில், பலெர்மோக்காரர்கள் ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். 1646 பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து சேர்ந்ததை நினைத்துக் கோதுமை மாவைத் தவிர்த்து, அன்று வீட்டுக்கு வீடு அராஞ்சீனா.

இரண்டு மணிக்கு மேல் குரல்கள் தணிகின்றன. மீன்காரர் பனிக்கட்டியைச் சாக்கடையில் கொட்டுகிறார். பனெல்லேக்காரர் கடைசி வில்லையைத் தனக்கென்று பொரித்து, ரொட்டியில்லாமல், உப்பு மட்டும் தொட்டுத் தின்கிறார். தன் பண்டத்தைத் தானே ஆசையாய்த் தின்கிறவர் கடையில் யோசிக்காமல் வாங்கலாம்.

இரவுக்கு வுச்சிரியா இருக்கிறது. ஓவியர் குத்தூசோ 1974இல் இறைச்சியும் மீனும் பழமுமாக வரைந்த அந்தச் சந்தை இன்று பகலில் மெலிந்துவிட்டது. இருட்டியதும் அங்கே கரி அடுப்பு மூட்டி, வெங்காயத்தாளின் மேல் சுற்றிய ஆட்டுக்குடலைச் சுடுவார்கள். புகை இருக்கும் பக்கம் நடந்தால் போதும்.

பலெர்மோவுக்குப் போகிறவர்கள் விடுதிச் சிற்றுண்டியில் வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். சில்லறை யூரோக்களை எடுத்துக்கொண்டு பதினோரு மணிக்குப் பல்லாரோவில் இருங்கள். சைவர்களுக்குப் பனெல்லேயும், உருளைக்கிழங்கை மசித்துப் பொரித்த கத்ஸில்லியும், வெங்காயத்தை முழுசாகச் சுட்டு விற்கும் காய்கறிக் கடைகளும் உண்டு. ஒரே எண்ணெயில் மீனும் இறைச்சியும் பொரிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் கடையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடாதீர்கள். அடுத்த திருப்பத்தில் இன்னொரு சட்டி காய்ந்துகொண்டிருக்கும்.