ஃபைபர்கிளாஸுக்கு மூத்தது

பெயர்தான் முதலில் உறுத்தியது. ஃபோம் பலகைகளை ஒட்டி ஒரு கூண்டு செய்து, அதன்மேல் கித்தானைப் பசை தடவி இழுத்து ஒட்டி, வெளிச்சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டை நாலைந்து பூச்சு பூசினால் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் கேம்பர் தயார். அமெரிக்காவில் இதை வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் அந்தக் கித்தான் உறைக்கு வைத்திருக்கும் பெயர், ‘ஏழையின் ஃபைபர்கிளாஸ்’. காசுள்ளவனுக்குக் கண்ணாடியிழை, இல்லாதவனுக்குத் துணி என்பதுபோல.

நான் இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் எடை. ஒஹாயோவின் கொலம்பஸில் நாங்கள் வைத்திருக்கும் சின்னக் கார் 450 கிலோவுக்கு மேல் இழுக்காது. எட்டடிக்கு நாலடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று 20 கிலோவைத் தொடும். அதே அளவில் இரண்டங்குல நீல ஃபோம் பலகை நாலு கிலோ சொச்சம்தான். அது தெர்மாகோலுக்குப் பங்காளி; இரண்டும் பாலிஸ்டைரீன். வெறும் பலகையை முழங்காலில் வைத்து அழுத்தினால் ஒடிந்துவிடும். இரு பக்கமும் துணி ஒட்டிக் காய்ந்தபின் அழுத்தினால் நம் முழங்கால்தான் வலிக்கும். வளையும்போது ஒரு பக்கத் துணி இழுபடும், மறுபக்கம் நெருக்குப்படும். நடுவில் இருக்கும் ஃபோம் இரண்டையும் விலகவும் விடாமல் நெருங்கவும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஃபைபர்கிளாஸே ஒட்டிவிட்டால் என்ன என்று ஒருநாள் துண்டுப் பலகை ஒன்றில் அதற்கான பாலியெஸ்டர் பிசினைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். சில நிமிடங்களில் பலகை குழி விழுந்து கரைந்துபோனது. பிசினில் உள்ள ஸ்டைரீன் ஃபோமைத் தின்றுவிடுகிறது. எப்பாக்ஸி தின்னாது, ஆனால் அதன் விலை வேறு. தண்ணீரில் கலக்கும் மரப்பசையும் தண்ணீர் பெயின்ட்டும் ஃபோமை ஒன்றும் செய்வதில்லை. ஃபோமுக்குள் புகமுடியாத ஈரம் துணி வழியாக வெளியேறிப் பசை இறுகுகிறது. ஆக, துணி இங்கே எதற்கும் மாற்றாக வந்ததல்ல. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

முதல் தடயம் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது. எண்பதைத் தாண்டிய அந்தப் பெரியவர் என் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் கார் ஷெட்டுக்கு அழைத்துப்போய் உத்தரத்தில் தொங்கிய பச்சைப் படகு ஒன்றைக் காட்டினார். “தட்டிப் பாருங்கள்” என்றார். மரம். மேலே பெயின்ட். இரண்டுக்கும் நடுவே துணி!

இந்த மாதிரிப் படகின் கதை மெய்ன் மாநிலத்துக்குப் போகிறது. அங்கே பெனாப்ஸ்காட் போன்ற பழங்குடியினர் பிர்ச் மரப்பட்டையால் தோணி கட்டியவர்கள். பெரிய பட்டை உரிக்க ஏற்ற மரங்கள் அருகிவந்த 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அந்தப் பகுதியில் படகு கட்டுபவர்கள் மெல்லிய சீடர் பலகைமேல் கித்தானை இறுக்கி, நெசவுக் கண்களை நிரப்பும் கூழைத் தேய்த்து, பெயின்ட் அடிக்கத் தொடங்கினார்கள். பட்டையின் இடத்தில் துணி உட்கார்ந்தது. தன் படகுக்கு இதுவரை இரண்டு முறை துணி மாற்றியதாகப் பெரியவர் சொன்னார். பலகை பழையதுதான்.

கண்ணாடியை நூலாக இழுத்துப் பெருமளவில் செய்யும் முறை உருவானது 1930களில், இதே ஒஹாயோவில். அதைப் பிசினோடு சேர்த்துப் படகு கட்டியது 1940களில். கித்தான்தான் மூத்தது. இதைக் கண்டுகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. படகுத் தளங்கள், இங்கிலாந்தின் பழைய ரயில் பெட்டிக் கூரைகள் என்று தேடியவை எல்லாம் ஒரே கதையைச் சொல்லின: மரப்பலகை, ஈய வெள்ளை, கித்தான், பெயின்ட்.

ஆனால் அவற்றில் எல்லாம் துணிக்கு அடியில் இருந்தது கெட்டி மரம். மெத்தென்ற உள்ளீடும் கெட்டித் தோலும் மேலே துணியும் சேர்ந்தது எங்கே? அதற்கு விடை டேட்டனில், அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். “லீவு நாள்ல ஃபோமைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டபடியே மனைவியும் வந்தாள்.

டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ. முதன்முதல் பறந்தது 1940 நவம்பர் 25. அலுமினியத்தை மிச்சம் பிடித்து மரத்தால் கட்டிய போர்விமானம், மொத்தம் 7,781. பிர்ச் பிளைவுட் தகடுகள் இரண்டு, நடுவே பஞ்சு போன்ற பால்சா மரம், எல்லாம் பசையால் ஒட்டியவை. உடலை நீளவாக்கில் இரண்டு பாதிகளாக அச்சில் செய்து, உள்வேலையை முடித்துவிட்டுப் பிறகு சேர்த்தார்கள். அந்த நீல விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ரிவெட் வரிசை கிடையாது. மழமழப்பு. அந்த மழமழப்புக்கு அடியில், பிளைவுட்டின்மேல், துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சு பூசிய மெல்லிய பருத்தித் துணி இருக்கிறது. என் ஷெட்டில் நிற்பதும், பிளைவுட் இல்லை என்பதைத் தவிர, இதே கட்டுமானம்தான்: பால்சாவின் இடத்தில் ஃபோம், டோப்பின் இடத்தில் பெயின்ட்.

அந்தத் துணியின் பெயர் மடபோலம். வீடு திரும்பியதும் அந்தச் சொல்லைத் துருவினேன். கோதாவரி கடலில் சேரும் இடத்துக்கு அருகே, நரசாபுரத்தை ஒட்டிய மாதவாயிபாலெம் என்ற ஊர். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கிடங்கு வைத்துத் துணி வாங்கியது. சென்னை ஜார்ஜ் கோட்டையின் கீழ் இருந்த கிடங்கு. ஆங்கிலேயர் வாயில் ஊர் மடபோலம் ஆயிற்று. ஊர்ப்பெயர் துணிப்பெயராகி, பிறகு இங்கிலாந்து ஆலைகள் நெய்த பருத்திக்கும் ஒட்டிக்கொண்டது. மஸ்கிட்டோவின் மேல் ஏறியது அந்தப் பெயர்தான். நான் வெகுநேரம் வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பெரியவர் வந்தார். பின்பக்கக் கதவுக்கு மட்டும்தான் துணி பாக்கி. “இதை ஏழையின் ஃபைபர்கிளாஸ் என்கிறார்கள், இல்லையா?” என்றார். இல்லை என்று சொல்லி, மாதவாயிபாலெம் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை அவரே சொல்லிப் பார்த்தார். பிறகு கித்தானின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையிலிருந்து நான் பசையை உருட்டத் தொடங்கினேன்.