முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

மேட்ச் தொடங்க இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. ராஞ்சியில் ஜெய்பால் சிங் முண்டா பெயரைத் தாங்கிய ஹாக்கி மைதானத்தின் நீலத் தரையில் தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற புகைப்படக்காரர்கள் டீ கிளாஸுடன் நிழலில் ஒதுங்கியிருக்க, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மட்டும் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறார். சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை எடுக்கிறார். பயிற்சி செய்துகொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தியை அழைத்து, அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்கிறார். ஒரு கிளிக். வேலை முடிந்தது.

"எதுக்கு அங்கிள் இது?" என்கிறாள் அவள்.

"நாளைக்குப் பேப்பரைப் பார்த்து உன் அம்மா உன்னை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டாமா?"

அவள் சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறாள். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஜார்க்கண்ட் என்ற மாநிலம் பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்த 1996ல், ராஞ்சி பீகாரில்தான் இருந்தது. ஒரு இந்தி நாளிதழில் புதிதாகச் சேர்ந்திருந்த அவரை, சிம்டேகா பக்கம் நடந்த பெண்கள் ஹாக்கி இறுதிப் போட்டிக்கு அனுப்பினார்கள். அந்தப் பகுதிக்கு ஹாக்கி ஒரு விளையாட்டு மட்டுமல்ல. 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய ஜெய்பால் சிங் முண்டா இந்த மண்ணைச் சேர்ந்தவர். 1980ல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியில் இருந்த சில்வானுஸ் டுங்டுங்கும் அப்படியே. மூங்கிலை வளைத்து மட்டையாக்கி, வெறுங்காலுடன் விளையாடிப் பழகிய குழந்தைகளின் ஊர்கள் இவை.

அவரிடம் இருந்தது பழைய காமிரா ஒன்று, 200 மி.மீ. லென்ஸ் ஒன்று, 400 வேக ஃபிலிம் இரண்டு சுருள். மாலை மூன்றரை மணி. சூரியன் வீராங்கனைகளின் முதுகுப் பக்கம். ஜெயித்த அணிக்கு வெள்ளைச் சட்டை. வெற்றி கோலை அடித்த பெண் மட்டையை உயர்த்திக்கொண்டு நேராக அவரை நோக்கி ஓடிவந்தாள். காமிராவின் மீட்டர் முள் நடுவில் நின்றது. சரியான எக்ஸ்போஷர் என்று நம்பி அமுக்கினார்.

நான்கைந்து நாள் கழித்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள் அலுவலக வாசலில் காத்திருந்தார். சேலை முடிச்சிலிருந்து மடித்த பேப்பரை எடுத்தார். "பாபு, இதில் என் பெண் எது?" என்று கேட்டார். படத்தில் ஒரு சட்டை இருந்தது. மட்டை இருந்தது. பல் வரிசை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மை இருந்தது. கீழே அச்சாகியிருந்த பெயரை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "சட்டைதான் தெரிகிறது" என்று சொல்லிவிட்டு, பேப்பரை முன்பு போலவே மடித்து முடிந்துகொண்டு போய்விட்டார். அந்தப் பெண் அடுத்த ஆண்டே விளையாட்டை விட்டுவிட்டாள். பேப்பரில் அவள் படம் வந்தது அந்த ஒரு முறைதான்.

"அவர்கள் நிறம் அப்படி. நீ என்ன செய்வாய்?" என்றார் இரவுப் பணியில் இருந்த ஆசிரியர். சில மாதங்கள் அவரும் அதை நம்பினார். நம்புவது வசதியாகவும் இருந்தது.

ராஞ்சியின் அப்பர் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு முதியவர்தான் அந்த வசதியைக் கெடுத்தார். நெகடிவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தப்பு முகத்தில் இல்லை, உன்னிடம்" என்றார். "மீட்டருக்கு முகம் தெரியாது. வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

காமிராவுக்குள் இருக்கும் மீட்டர் ஒரே ஒரு அனுமானத்தில் வேலை செய்கிறது. எதிரே இருக்கும் காட்சியைச் சராசரியாக்கினால், தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்பது அந்த அனுமானம். ஃப்ரேம் முழுக்க வெள்ளைச் சட்டையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று அது முடிவு செய்து ஒளியைக் குறைக்கச் சொல்லும். சொன்னபடி கேட்டால் வெள்ளை சாம்பலாகும். கறுத்த முகம், அதிலும் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கும் முகம், இருட்டுக்குள் போய்விடும். மிச்சத்தை அச்சு இயந்திரம் பார்த்துக்கொள்ளும். செய்தித்தாள் காகிதத்தில் மைப்புள்ளிகள் கசிந்து பரவும்போது, கரும்பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச விவரமும் மூழ்கிவிடும்.

இத்தனைக்கும் இது ஒரு இந்தி நாளிதழின் பிரச்சினை மட்டுமல்ல. கலர் ஃபிலிமைக் கழுவிப் பிரதி எடுக்கும் கூடங்களுக்கு, நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. பல பத்தாண்டுகளுக்கு அந்தப் படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். தொழிலில் அதற்குப் பெயரே 'ஷெர்லி அட்டை'. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பல நிறத்தவர்களும் இடம்பெற்ற அட்டைகள் வர 1990கள் ஆயின. சிம்டேகாவின் பெண்கள் எந்த அட்டையிலும் இல்லை.

அந்த முதியவர் கொடுத்த சாம்பல் அட்டை அதற்குப் பிறகு அவர் சட்டைப்பையை விட்டுப் போகவில்லை. அழுக்கேறிப் போனால் புதியது வாங்கிக்கொள்கிறார். பழக்கம் மட்டும் மாறவில்லை.

விளையாட்டுப் படத்துக்கு அவர் கணக்குப் போடும் வரிசை எளிமையானது. முதலில் ஷட்டர். ஹாக்கிப் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். ஷட்டர் 1/250 வினாடி திறந்திருந்தால் அதற்குள் பந்து 11 செ.மீ. நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே ஏழு செ.மீ. சொச்சம்தான். படத்தில் பந்துக்குப் பதில் ஒரு வெள்ளைக் கோடு கிடைக்கும். 1/1000 வினாடியில் நகர்வு மூன்று செ.மீ.க்கும் கீழே வந்துவிடுகிறது. எனவே 1/1000. அடுத்தது லென்ஸ் துவாரம். எஃப் 2.8 வரை திறக்கும் பெரிய லென்ஸுக்கு விலை பல லட்ச ரூபாய். வாங்க முடிந்தவர்கள் முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். அதில் பின்னணிக் கூட்டம் கரைந்து வீராங்கனை மட்டும் நிற்பாள். கடைசியாக ஐஎஸ்ஓ. முன்னிரண்டும் கேட்ட வெளிச்சத்தில் குறைவதை இது ஈடு செய்யும். எண்ணைக் கூட்டக் கூட்டப் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். வரட்டும் என்கிறார். மணல் தூவிய முகத்தை அச்சிடலாம். கலங்கிய முகத்தை என்ன செய்வது?

இந்த மூன்றையும் அவர் தானியங்கிக்கு விடுவதில்லை. காரணம் அந்த வெள்ளைச் சட்டைதான். வெள்ளை அணி ஃப்ரேமுக்குள் வந்தால் காமிரா ஒளியைக் குறைக்கும். கருநீல அணி வந்தால் கூட்டும். ஆனால் இரண்டு அணியின் முகங்களிலும் விழும் வெளிச்சம் ஒன்றேதான். அட்டையை அளந்து ஒருமுறை முடிவு செய்தால், விளக்கு மாறாத வரை எண்களையும் மாற்ற வேண்டியதில்லை. பிறகு ஒரே ஒரு சோதனை. வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் திரையில் தெரிகின்றனவா? தெரியும் வரை வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். மடிப்பு வெளுத்து மறைந்துவிட்டால் அது திரும்பி வராது. அதற்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தினால், முகத்துக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஒளி கிடைத்துவிடும்.

அடுத்த சிக்கல் நிறம். ஒயிட் பேலன்ஸ் என்பது, எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று காமிராவுக்குச் சொல்வது. உச்சி வெயில் சுமார் 5,500 கெல்வின். பழைய குண்டு பல்பு 3,000க்குப் பக்கம். தெருவோர சோடியம் விளக்கு 2,000 சொச்சம், மஞ்சள் கக்கும். மனிதக் கண் இவற்றையெல்லாம் ஓசைப்படாமல் சரிசெய்துகொள்ளும். காமிரா யூகிக்கும். நீலத் தரையில் அந்த யூகம் தடுமாறும். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் நீல ஹாக்கித் தரை வந்தது, மஞ்சள் பந்து எடுப்பாகத் தெரிந்தது, உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஃப்ரேமில் பாதி நீலம் என்றால் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், விளக்குதான் நீலம் போலிருக்கிறது என்று நினைத்து மஞ்சளைச் சேர்க்கும். முகங்கள் செங்கல் நிறத்துக்குப் போகும். அடுத்த ஃப்ரேமில் தரை குறைந்து கூட்டம் தெரிந்தால் அதே முகம் வேறு நிறம். ஒரே பெண், ஒரே வினாடி, இரண்டு தோல்.

அதனால்தான் முகத்துக்குப் பக்கத்தில் அட்டை. வெள்ளைக் காகிதம் போதாதா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. கடைக் காகிதத்தில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது நீலத்துக்குச் சாயும் என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். மாலை மேட்ச் என்றால் ஒவ்வொரு கால் ஆட்ட இடைவேளையிலும் அட்டையை மறுபடி எடுக்கிறார். சூரியன் இறங்க இறங்க வெயில் பழுக்கும், நடுவில் ஃபிளட்லைட் எரியத் தொடங்கும், இரண்டும் கலந்து அரைமணி நேரம் எந்த எண்ணுக்கும் அடங்காது.

மாவட்ட மைதானங்களின் பழைய விளக்குகளில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. விளக்கு 100 தடவை மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது. 1/1000 ஷட்டர் அந்தத் துடிப்பின் பத்தில் ஒரு பங்கை மட்டும் பிடிக்கும். ஒரு படம் பளிச், அடுத்தது பழுப்பு. 2014க்குப் பின் வந்த பல காமிராக்கள் துடிப்பின் உச்சத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அதற்கு முன், பத்து எடுத்து மூன்றைத் தேற்ற வேண்டும்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகுதான் அசல் பரீட்சை வந்தது. 2024 ஜனவரியில் ராஞ்சியில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில், ஜப்பானிடம் 0-1 என்று தோற்று இந்தியப் பெண்கள் பாரிஸ் வாய்ப்பை இழந்தார்கள். அணியில் ஜார்க்கண்ட் பெண்களும் இருந்தார்கள். விளக்கொளியில் அழும் முகங்களை அவர் எடுத்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிய தடம் வரை எல்லாம் பதிவாகியிருந்தது. படங்கள் போய்ச் சேர்ந்ததும் அலுவலகத்திலிருந்து போன். "நல்ல படம். முகங்களைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்புங்களேன்."

கேட்டவர் இளைஞர். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இருட்டாக இருப்பதும் கறுப்பாக இருப்பதும் ஒன்று என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். இருட்டில் விவரம் இருக்காது. கறுப்பில் இருக்கும். எக்ஸ்போஷரைக் கூட்டி, நிறத்தை நீலத்துப் பக்கம் இழுத்தால் ஒரு நிமிடத்தில் யாரையும் சிவப்பாக்கிவிடலாம். அப்போது 1996ல் நடந்ததே இன்னொரு பக்கத்திலிருந்து நடக்கும். அன்று மை விழுங்கிய முகத்தை இன்று வெளிச்சம் விழுங்கும். அம்மா மறுபடியும் சட்டையைத்தான் பார்ப்பாள்.

"எடுத்தபடியே போடுங்கள். இல்லையென்றால் வேறு படம் போடுங்கள்" என்றார். எடுத்தபடியே வந்தது.

1996ன் அந்த நெகடிவ் இன்னும் அவரிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நல்ல ஸ்கேனர் ஒன்று கிடைத்தபோது, இன்றைய கருவிகளால் அந்த முகத்தை மீட்டுவிடலாம் என்று ஒரு முழு இரவு உட்கார்ந்து பார்த்தார். சட்டையின் தையல் தெரிந்தது. மட்டையில் சுற்றிய துணியின் பிரி தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் ஃபிலிம் கண்ணாடி போலிருந்தது. ஒளி விழாத இடத்தில் நெகடிவ் எதையும் எழுதி வைப்பதில்லை. எழுதப்படாததை எந்த இயந்திரமும் படிக்க முடியாது.

நீலத் தரையில் தண்ணீர் நின்றுவிட்டது. அணிகள் வரிசையில் நிற்கின்றன. ஃபிளட்லைட்டுகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. அவர் சட்டைப்பையில் கை விட்டு அட்டையை மறுபடி எடுக்கிறார்.