பாலத்தின் ஓரப்பாதை

பள்ளி விடுமுறை விட்டால் பங்சார் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். யாருக்காவது வடக்கே ஒரு தாத்தா இருப்பார், யாருக்காவது தெற்கே ஒரு சித்தி இருப்பார். அப்பாமார்களுக்கு ரயில்வே பாஸ் இருந்ததால் டிக்கெட் செலவு என்ற பேச்சே கிடையாது. எங்களுக்கு வாய்த்தது வடக்கு. கோலாலம்பூர் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தால் தஞ்சோங் மாலிம், தாப்பா ரோடு, கம்பார், ஈப்போ என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். கம்பார் பக்கம் பழைய ஈயக் குட்டைகள் வெயிலில் பளபளக்கும். சுங்கை சிப்புட் தாண்டியதும் அம்மா எழுந்து சாமான்களை எண்ணத் தொடங்குவார். நாங்கள் சன்னலுக்குச் சண்டை போடுவோம். அடுத்து வருவது பேராக் ஆறு. அதன்மேல் விக்டோரியா பாலம்.

மண்ணில் ஓடும் சத்தம் சட்டென்று மாறும். இரும்பின் மேல் ஏறியதும் பெட்டி முழுக்க ஒரு கனத்த அதிர்வு பரவி, உட்கார்ந்திருக்கும் பலகை வழியாக உடம்புக்குள் இறங்கும். கீழே பார்த்தால் மண் நிறத்தில் அகன்று ஓடும் தண்ணீர். தங்கை காதைப் பொத்திக்கொள்வாள். எனக்கோ அந்தச் சத்தம் நீளாதா என்றிருக்கும். பாலம் முடிந்தால் கோலகங்சார். அங்கே இறங்கி, டாக்சி பிடித்து, கராயில் தாத்தா வீட்டுக்குப் போய்ச் சேருவோம்.

தாத்தா தண்டவாளக் கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து நின்ற பிறகும் கால் ஓயவில்லை. விடிந்ததும் கோப்பியும் ரொட்டியுமாகப் பசியாறிவிட்டு, "வாடா தம்பி, பாலத்த பாத்துட்டு வருவோம்" என்று கிளம்பிவிடுவார். உறவுக்காரரை விசாரிக்கப் போவதுபோலத்தான் போவார்.

ரயில் போகும் பாதைக்குப் பக்கவாட்டில், பாலத்தோடு ஒட்டிய ஒடுக்கமான நடைபாதை ஒன்று இருந்தது. எதிரே சைக்கிள் வந்தால் நாம் உடம்பைச் சுருக்கிக்கொண்டு கம்பியோரம் நிற்க வேண்டும். கம்பத்து மலாய் அம்மாக்கள் கீரைக்கட்டோடு வருவார்கள். பால் மரத்து வேலைக்குப் போகிறவர்கள் வாளியோடு வருவார்கள். வெள்ளைச் சட்டைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எல்லாரும் தாத்தாவுக்குத் தெரிந்தவர்கள். தமிழில் பாதி, மலாயில் பாதியாக நலம் விசாரித்து முடிக்கவே அரைப் பாலம் கடந்துவிடும்.

ஒருமுறை நடுவில் நிற்கும்போது ரயில் வந்துவிட்டது. காலடியில் பாதை நடுங்கியது. நான் தாத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் என் தலையில் கை வைத்து, "பயப்படாத. ஆடுற பாலந்தான் நிக்கும், ஆடாதது முறிஞ்சிரும்" என்றார்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நாலு கித்தாக் குச்சிகளைக் கயிற்றால் கட்டிச் சதுரம் செய்தார். மூலையில் விரல் வைத்துத் தள்ளச் சொன்னார். சதுரம் சாய்ந்தது. ஒரு குச்சியை எடுத்துவிட்டு மூன்றைக் கட்டினார். எவ்வளவு தள்ளியும் சாயவில்லை. "பாலம் முழுக்க இதுதான்" என்றார். மறுநாள் ஆற்றங்கரையில் நின்று பார்த்தபோது செங்கல் தூண்களுக்கு மேலே முக்கோணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரைக்குக் கரை போவது தெரிந்தது. ரயில் ஏறும்போது சில சட்டங்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றன, சில இழுப்பைத் தாங்குகின்றன என்பதை வெகுகாலம் கழித்துப் புத்தகத்தில் படித்தேன். குச்சி முக்கோணத்தில் முன்பே கற்ற பாடம் அது. வெயிலில் இரும்பு நீளும், அதற்கு இடம் விட்டுத்தான் கட்டவேண்டும் என்பதையும், ஆணியைச் சுத்தியலால் தட்டினால் இறுக்கமானதற்கு ஓர் ஓசை, தளர்ந்ததற்கு வேறு ஓசை என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

இந்தப் பாலத்தின் வேலை 1897 டிசம்பரில் தொடங்கி 1900 மார்ச்சில் முடிந்தது. நாட்டின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போடப்பட்டது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்துக்குத் தனிப் பாதை வந்தது. இரண்டுக்கும் நடுவே பேராக் ஆறு கிடந்தது. ஆற்றைக் கடந்த பிறகே பாதைகள் ஒன்றாயின; 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயில் ஓடியது. ஈயத்துக்காகக் கட்டிய பாலத்துக்கு இங்கிலாந்து மகாராணியின் பெயரை வைத்தார்கள். 1926-இல் ஆறு பெருகிக் கோலகங்சாரையே மூழ்கடித்தது. 1967 வெள்ளத்தைப் பாட்டி கண்ணால் பார்த்தவர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியதைச் சொல்லும்போது குரல் கம்மும். இரண்டு வெள்ளத்திலும் பாலம் நின்றது.

தாத்தா இருப்புப் பாதையில் உழைத்தார். பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பாட்டி மாதாமாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார். துரைமார் விற்றுவிட்டுப் போன தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வழிசெய்த சங்கம் அது. அந்தப் பங்குச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். பங்சாரிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைந்தால் ஜாலான் துன் சம்பந்தன். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டியின் பத்து வெள்ளி எனக்கு நினைவுக்கு வரும்.

2002-இல் பக்கத்திலேயே கட்டிய கான்கிரீட் பாலத்துக்கு ரயில்கள் மாறின. பழைய தண்டவாளத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஓரப்பாதைக்கு மட்டும் ஓய்வே இல்லை. அண்மையில் போனபோதும் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒதுங்கி நின்று வழிவிட்டேன். ஒருவர் தலையசைத்து நன்றி சொல்லிப் போனார். ஈயத்துக்குப் போட்ட பாதை நின்றுவிட்டது; கால்நடையாய்ப் போகிறவர்களுக்கென்று ஓரத்தில் சேர்த்த பாதையில்தான் இன்றைக்கும் பாலம் உழைக்கிறது. இந்த நாட்டில் எங்கள் கதையும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலைக்கு ஆளாக ஓரத்தில் சேர்க்கப்பட்டவர்கள், ஈயமும் துரைமாரும் போன பிறகும் இங்கேயே வாழ்ந்து ஊரை நடத்துகிறார்கள்.

வெயிலிலும் மழையிலும் பாதையைத் தட்டிப் பார்த்துக் காத்த கேங்குக்காரர்களின் பெயர்கள் பாலத்தைப் பற்றிய பேச்சில் வருவதில்லை. அவை வீடுகளில் இருக்கின்றன: பழைய சம்பளச் சீட்டில், கேங் முழுதும் வரிசையாக நிற்கும் புகைப்படத்தில், வயதானவர்களின் நினைவில். தாத்தாவோடு வேலை செய்தவர்களின் பெயர்களை அம்மாவிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ரயில்வே குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்; கேட்டதை எழுதிவைக்க வேண்டும். சொல்ல ஆள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.